ஸ்பிளிட்டிலிருந்து ஒரு வாரம்: கூட்டமாகக் கேட்டமரான் எடுத்துக் கடலில் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

குரோவேஷியாவின் ஸ்பிளிட் நகரத்தில் கேட்டமரான் என்னும் இரட்டை உடல் பாய்மரப் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்து, அட்ரியாட்டிக் கடலில் தீவு தீவாக ஒரு வாரம் சுற்றிவருவதை மூன்று கோடைகளில் செய்திருக்கிறோம். நண்பர்களும் சொந்தக்காரர்களும் கலந்த கூட்டம். படங்களைப் பார்த்தவர்கள் "நாங்களும் போகலாமா, எப்படி ஆரம்பிப்பது?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஒற்றை உடல் பாய்மரப் படகு மலிவாகக் கிடைக்கிறதே, ஏன் கேட்டமரான்?

பாய்மரப் பயணத்தில் ருசி உள்ளவர்கள் நாலு பேர் போவதானால் ஒற்றை உடல் படகே போதும். அது காற்றுக்கு எதிராக நன்றாக ஏறும், வாடகையும் கிட்டத்தட்ட பாதி. ஆனால் எட்டுப் பேர், அதில் இரண்டு குழந்தைகள், முழங்கால் வலியுள்ள ஒரு பெரியம்மா என்றால் கேட்டமரான்தான். அது சாய்வதில்லை. மேஜைமேல் வைத்த காபி வைத்த இடத்திலேயே இருக்கும்.

வாடகைக்கு அதிகம் ஓடும் லகூன் 42-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் 12.8 மீட்டர், அகலம் 7.7 மீட்டர். அதே நீளமுள்ள ஒற்றை உடல் படகின் அகலம் 4 மீட்டர் அளவில்தான் இருக்கும். கேட்டமரானில் படுக்கையறைகள் இரண்டு உடல்களிலும் பிரிந்திருப்பதால் ஒரு குடும்பம் தூங்கும்போது இன்னொன்று பேசிக்கொண்டிருக்கலாம். கூடமும் சமையலிடமும் நடுவில், கடல் மட்டத்துக்கு மேலே, சுற்றிலும் ஜன்னல்களோடு இருக்கும். தண்ணீருக்குள் இறங்கும் ஆழமும் 1.25 மீட்டர்தான் என்பதால் கரைக்குக் கிட்டே போய் நங்கூரம் போட முடியும்.

கேட்டமரான் என்பது நம் கட்டுமரமா?

பெயர் நம்முடையதேதான். வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி 1697-இல் வெளிவந்த தன் பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பற்றி எழுதினார். அந்தச் சொல்தான் ஆங்கிலத்துக்குப் போனது. இன்றைய படகின் வடிவம் வேறு மரபிலிருந்து வந்தது. நம்முடையது மரங்களைச் சேர்த்துக் கட்டியது. இரண்டு உடல்களை நடுவில் தளம் போட்டு இணைப்பது பசிபிக் தீவு மக்களின் கலை. ஸ்பிளிட் துறைமுகத்தில் நிற்கும் வெள்ளைப் படகு ஒவ்வொன்றையும் எல்லா நாட்டுக்காரர்களும் நம் மீனவர்கள் வைத்த பெயரால் கூப்பிடுவதைக் கேட்க மனசு நிறைந்துவிடும்.

எத்தனை பேர் போகலாம்? யாரைச் சேர்த்துக்கொள்வது?

படகுக்கு முன்னால் இதைத்தான் முடிவு செய்ய வேண்டும். படகை முதலில் பிடித்துவிட்டு "இன்னும் ரெண்டு பேர் வேணும், காசு பிரியும்" என்று ஆள் தேடினால் அந்த வாரம் நன்றாக அமையாது. எங்கள் முதல் பயணத்தில் அப்படித்தான் செய்தோம். மூன்று பேருக்கு நீச்சலும் அமைதியும் வேண்டியிருந்தது. மூன்று பேருக்கு ஹ்வார் நகரத்தின் இரவு வாழ்க்கை. மீதிப் பேருக்கு வேகமாகப் பாய் விரித்து ஓட்ட வேண்டும். யார் மேலும் தப்பில்லை. புறப்படும் முன் உட்கார்ந்து பேசவில்லை, அவ்வளவுதான். அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு காலையும் எங்கே போவது என்ற வாக்குவாதத்தில் தொடங்கியது.

அதனால் படகைத் தேடுவதற்கு முன் எல்லாரும் ஒருமுறை கூடிப் பேசுங்கள். சாயங்காலம் ஊருக்குள் நடக்க வேண்டுமா, ஆளில்லாத குடாவில் நிற்க வேண்டுமா? வெளியே எத்தனை வேளை சாப்பிடுவது? குடிக்கிறவர்களின் செலவைக் குடிக்காதவர்கள் தலையில் போடுவதா? ஒருவர் கடைசி நேரத்தில் வராமல் போனால் அவர் பங்கு என்னாகும்? கடைசிக் கேள்வியை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாடகை படகுக்குத்தான், தலைக்கு அல்ல. ஒருவர் விலகினால் அவர் பங்கு மற்றவர்கள்மேல் ஏறும்.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை, நாலு அறைப் படகில் எட்டுப் பேர் வசதியாக இருக்கலாம். கூடத்து மேஜையை மடக்கிப் படுக்கையாக்கிப் பத்துப் பேர் என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். அதை நம்பிப் பத்துப் பேரை ஏற்றாதீர்கள். கூடத்தில் ஒருவர் தூங்கினால் காலையில் காபி போடக்கூட மற்றவர்கள் காத்திருக்க வேண்டிவரும். படகை ஓட்ட ஸ்கிப்பர் (படகுத் தலைவர்) ஒருவரை வைத்துக்கொள்வதானால் அவருக்கும் படுக்க இடம் வேண்டும். சில படகுகளில் முன்முனையில் அதற்கென்று சிறிய அறை இருக்கும். இல்லாத படகில் உங்கள் நாலு அறையில் ஒன்று அவருக்குப் போய்விடும்.

மத்தியதரைக் கடலில் இவ்வளவு இடம் இருக்க, ஏன் குரோவேஷியா?

முதல் தடவை போகிறவர்களுக்கு ஸ்பிளிட் இருக்கும் டால்மேஷியக் கரை பொருத்தம். தீவுகள் நெருக்கமாக இருப்பதால் இரண்டு மூன்று மணி நேரத்தில் அடுத்த துறைமுகம் வந்துவிடும். ஓதம் ஏறி இறங்குவது கொஞ்சம்தான். தண்ணீர் தெளிந்தது, அடியில் கிடக்கும் நங்கூரச் சங்கிலி கண்ணுக்குத் தெரியும்.

கிரேக்கத்தின் அயோனியத் தீவுகளும் அதே அளவுக்கு எளிது. லெஃப்கடாவிலிருந்து புறப்படலாம், சாப்பாட்டுச் செலவும் குறையும். ஆனால் சான்டோரினி படத்தைப் பார்த்துவிட்டு ஜூலை, ஆகஸ்டில் கைக்ளேட்ஸ் தீவுகளுக்குப் படகு எடுக்காதீர்கள். மெல்டெமி என்ற வடகாற்று அங்கே நாள்கணக்கில் விடாமல் அடிக்கும். அனுபவசாலிகளே துறைமுகத்தில் முடங்கிக் கிடப்பார்கள்.

எந்த மாதம் நல்லது?

ஜூன், செப்டம்பர். மே மாதத்தில் தண்ணீர் குளிர்ந்திருக்கும். ஜூலை, ஆகஸ்டில் வாடகை உச்சத்துக்குப் போகும், மதியம் 3 மணிக்கே துறைமுகங்கள் நிறைந்துவிடும். கோடை முழுக்க வெயிலில் காய்ந்த கடல் சூடு தணியாமல் இருக்க, கூட்டம் மட்டும் கலைந்துவிட்ட செப்டம்பர் முதல் பாதிதான் என் தேர்வு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால் ஜூன் கடைசி.

எங்களில் யாருக்கும் படகு ஓட்டத் தெரியாது. போகலாமா?

தாராளமாக. ஸ்கிப்பரோடு எடுங்கள். படகு நிறுவனமே ஏற்பாடு செய்யும். பெரும்பாலானவர்கள் அந்தக் கரையில் பிறந்து வளர்ந்தவர்கள். எந்தக் குடாவில் எந்தக் காற்றுக்கு ஒதுங்கலாம், எந்த உணவகம் படகு கட்ட இடம் தரும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

நீங்களே ஓட்டுவதானால் குரோவேஷிய அரசு ஏற்கும் உரிமமும், தனியாக, படகுகள் பேசிக்கொள்ளும் விஹெச்எஃப் ரேடியோவுக்கான சான்றிதழும் கட்டாயம். இங்கிலாந்தின் படகோட்டச் சங்கமான ஆர்வைஏ நடத்தும் டே ஸ்கிப்பர் செய்முறைப் பயிற்சிச் சான்றிதழையோ, ஐசிசி என்ற பன்னாட்டுச் சான்றிதழையோ வைத்துத்தான் நம்மவர்கள் பலர் போகிறார்கள். உங்கள் கையில் இருப்பது செல்லுமா என்று பணம் கட்டும் முன்பே நகலை அனுப்பிக் கேட்டுவிடுங்கள்.

கையில் உரிமம் இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒற்றை உடல் படகில் படித்துவிட்டு, முதல்முறையாக 7.7 மீட்டர் அகலப் படகை, பக்கக் காற்றில், நெருக்கமான துறைமுகத்தில் பின்பக்கமாகக் கொண்டுபோய்க் கட்டுவது எளிதல்ல. இரண்டு என்ஜின்களும் தள்ளித்தள்ளி இருப்பதால் நின்ற இடத்தில் சுழற்றலாம், உண்மைதான். ஆனால் உயர்ந்த பக்கங்களில் காற்று பிடித்தால் தகரத்தைத் தள்ளுவதுபோல் தள்ளிவிடும். முதல் இரண்டு நாளுக்காவது ஸ்கிப்பர் வைத்துக் கற்றுக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். அந்த இரண்டு நாளில் கற்றதுதான் பிற்பாடு கைகொடுத்தது.

ஓட்டுவது நீங்களானாலும் கூலிக்கு வந்தவரானாலும் ஸ்கிப்பரின் சொல்லே கடைசி. "இன்னைக்குக் கிளம்ப வேண்டாம்" என்று அவர் சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிட வேண்டும். கூட்டத்தில் பெரியவர் யாராக இருந்தாலும் சரி. இதைச் சித்தப்பா, மாமாக்களிடம் ஊரிலேயே சொல்லிக் கூட்டிப்போங்கள்.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

தோராயக் கணக்குதான் சொல்ல முடியும். படகின் வயது, மாதம், எவ்வளவு முன்னால் பதிவு செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறும். 40 முதல் 42 அடி கேட்டமரானுக்கு ஜூன், செப்டம்பரில் வாரத்துக்கு 5,000 முதல் 8,000 யூரோ வரை பார்க்கலாம். ஆகஸ்டில் அதற்கும் மேலே போகும்.

எங்கள் கணக்குப் புத்தகத்தின் போக்கில், எட்டுப் பேருக்கு இப்படிப் போட்டுப் பாருங்கள். படகு 6,500. ஸ்கிப்பர் ஒரு வாரத்துக்கு 1,600. துப்புரவு, படுக்கை விரிப்பு, காஸ் எல்லாம் சேர்த்துக் கட்டாயமாக வசூலிக்கும் தொகை 400. துறைமுக வாடகை, மிதவை வாடகை 600. டீசல் 250. மளிகை 600. கூட்டினால் 9,950. தலைக்குக் கிட்டத்தட்ட 1,250 யூரோ. விமானமும் வெளியில் சாப்பிடுவதும் தனி. ஸ்கிப்பரின் சாப்பாடு உங்கள் பொறுப்பு. இதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை, ஆனால் அதுதான் வழக்கம்.

முன்பணமாகப் பாதியும், புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பு மீதியும் கட்டச் சொல்வார்கள். அதுபோக சேத வைப்புத்தொகை 3,000 முதல் 5,000 யூரோ வரை கிரெடிட் கார்டில் நிறுத்திவைப்பார்கள். யாருடைய கார்டு என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். டெபிட் கார்டை வாங்க மறுக்கும் இடங்களும் உண்டு. திருப்பிக் கிடைக்காத ஒரு சிறு தொகையைக் கட்டி வைப்புத்தொகையைக் குறைத்துக்கொள்ளும் வசதி இருந்தால் வாங்கிவிடுங்கள். கூட்டமாகப் போகும்போது அது ஒரு நிம்மதி.

பணத்தைப் பிரிப்பதற்கு நாங்கள் வைத்திருக்கும் வழி பழைய சீட்டுக்காரர் வழி. முதல் நாளே தலைக்கு 200 யூரோ ஒரு பையில். மளிகை, துறைமுகம், டீசல் எல்லாம் அதிலிருந்துதான். தீர்ந்தால் எல்லாரும் சமமாகப் போடுவது. கணக்கு எழுதுவது ஒருவர் மட்டும்.

விசா?

குரோவேஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கன் பகுதியில் இருக்கிறது, நாணயமும் அன்றிலிருந்து யூரோ. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் கட்டாயம். தங்குமிடச் சான்றாக ஓட்டல் ரசீது இருக்காது என்பதால், படகு ஒப்பந்தத்தில் எல்லாருடைய பெயரும் வரும்படி நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள். படகில் ஏறுகிறவர்களின் பெயர்ப்பட்டியலை எப்படியும் கடவுச்சீட்டு எண்ணோடு முன்கூட்டியே கேட்பார்கள். பட்டியலில் இல்லாத ஒருவரை நடுவில் ஏற்றக் கூடாது.

ஒரு வாரத்தில் எங்கெல்லாம் போகலாம்?

குறைவாகப் போங்கள். படகு மணிக்கு 5, 6 கடல் மைல்தான் ஓடும். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு 15 கடல் மைலுக்கு மேல் வைத்தால் நாள் முழுக்க ஓட்டத்திலேயே போய்விடும். டுப்ரோவ்னிக்கைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் அதைத் தனியாகப் பேருந்தில் போய்ப் பாருங்கள். ஸ்பிளிட்டிலிருந்து ஒரே வாரத்தில் படகில் போய்த் திரும்புவது ஓயாத ஓட்டம்.

வாடகை சனியிலிருந்து சனி வரை. சனிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்குத்தான் படகு கைக்கு வரும். அன்று துறைமுகத்திலேயே தூங்குங்கள். ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் 305-இல் பதவி விட்டபின் குடியிருந்த அரண்மனைக்குள்தான் இன்றைய ஸ்பிளிட்டின் பழைய ஊர் இருக்கிறது. இரவில் அதில் நடந்துவிட்டு வரலாம்.

ஞாயிறன்று பிராச் தீவின் மில்னா, 10, 11 கடல் மைல்தான். மறுநாள் ஹ்வாருக்கு எதிரே இருக்கும் பாக்லெனித் தீவுகள். ஹ்வார் நகரத்துத் துறை கோடையில் நெரிசல், அலையும் அதிகம். பாக்லெனித் தீவுகளில் உள்ள பால்மிழானாவில் படகைக் கட்டிவிட்டுத் தண்ணீர் டாக்சியில் நகரத்துக்குப் போய்வருவது நல்லது. அடுத்தது விஸ். யுகோஸ்லாவியாவின் கடற்படைத் தளமாக இருந்த தீவு இது, 1989 வரை வெளிநாட்டவரை விடவில்லை. மலையைக் குடைந்து கட்டிய நீர்மூழ்கிக் கப்பல் ஒளிவிடம் இன்னும் அப்படியே இருக்கிறது. அவ்வளவு காலம் மூடிக்கிடந்ததால் பெரிய ஓட்டல்கள் முளைக்கவில்லை. திராட்சைத் தோட்டங்களும் கல்வீடுகளும்தான். எனக்கு இந்தக் கரையிலேயே பிடித்த இடம் விஸ். முடிந்தால் இங்கே இரண்டு இரவு தங்குங்கள். மேற்குப் பக்கம் கொமிழா என்ற மீனவர் ஊர் இருக்கிறது. அதற்கெதிரே பிஷெவோ தீவின் நீலக்குகை. அதற்குள் உங்கள் படகில் போக முடியாது, சீட்டு வாங்கி அவர்களுடைய சிறு படகில் போக வேண்டும். முற்பகல் கடைசியில் வெயில் தண்ணீருக்கடியில் புகுந்து குகை முழுக்க நீலமாகும். வியாழன் ஷொல்தா தீவின் மஸ்லினிட்சா. விஸ்ஸிலிருந்து 20 கடல் மைல், இந்தப் பயணத்திலேயே நீளமான ஓட்டம் அதுதான். வெள்ளி மதியம் ஸ்பிளிட்.

காற்றைப் பற்றி எங்களுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?

நம் கடற்கரைக்காரர்கள் வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றைப் பெயர் சொல்லிப் பேசுவதுபோல அங்கேயும் காற்றுகளுக்குப் பெயர் உண்டு. மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

மயெஸ்ட்ரால் கோடைக்கால நண்பன். முற்பகலில் வடமேற்கிலிருந்து எழும்பி, மதியம் 2, 3 மணிக்கு நன்றாக வீசி, பொழுது சாய அடங்கிவிடும். காலையில் நீச்சல், மதியத்துக்குமேல் பாய் என்று நாளைப் பிரித்துக்கொள்ளலாம். பூரா வடகிழக்கிலிருந்து மலையைத் தாண்டிக் கீழே விழும் காற்று. வானம் பளிச்சென்று இருக்கும்போதே திடீரென்று குத்தும். கரையோர மலைமுகட்டில் பஞ்சுபோல மேகம் படிந்து நின்றால் ஊர்க்காரர்கள் கயிறுகளை இறுக்க ஆரம்பித்துவிடுவார்கள். யூகோ தென்கிழக்குக் காற்று. ஈரமும் மழையும் நீண்ட அலையுமாக இரண்டு மூன்று நாள் ஏறிக்கொண்டே போகும். அது சொல்லிவிட்டு வருவதால் ஒதுங்க நேரம் கிடைக்கும்.

இரண்டாவது பயணத்தில் யூகோ எங்களை விஸ்ஸில் இரண்டு நாள் கட்டிப்போட்டது. பக்கத்துப் படகுகளின் பாய்மரக் கம்பிகள் இரவெல்லாம் ஊளையிட்டன. படகு கயிற்றை இழுக்கும், தளரும், மறுபடி இழுக்கும். கல்துறையில் உராய்ந்து அறுந்துவிடாமல் இருக்கக் கயிறு படும் இடத்தில் பழைய தோட்டக்குழாயை நீளவாக்கில் கிழித்துச் சுற்றினார் ஸ்கிப்பர். இரண்டு மணிக்கொரு தரம் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார். மறுநாள் மழையில் படகின் கூடத்தில் எட்டுப் பேரும் உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டோம். இன்றைக்கும் எல்லாரும் முதலில் பேசுவது அந்த நாளைத்தான். ஆகவே திட்டத்தில் ஒரு நாளைக் காலியாகவே வையுங்கள். காற்று வராவிட்டால் அந்த நாள் உங்களுக்கு.

கேட்டமரான் கவிழுமா?

வாடகைக்கு விடும் இந்தக் கனமான படகுகள் கவிழ்வது அபூர்வம். ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். ஒற்றை உடல் படகு காற்று கூடினால் சாய்ந்து எச்சரிக்கும், கேட்டமரான் சாயாது. பாய்மேல் எவ்வளவு சுமை ஏறுகிறது என்பது உடம்புக்குத் தெரியாது. அதனால் காற்றுமானியின் எண்ணைப் பார்த்துத்தான் பாயைச் சுருக்க வேண்டும். பல படகுகளில் காற்று 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தை ஒட்டும்போது முதல் சுருக்கு. உங்கள் படகின் கையேட்டில் அட்டவணை இருக்கும், முதல் நாளே அதைப் படம் எடுத்துச் சுக்கான் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

உண்மையான ஆபத்து தவறி விழுவதில்தான். ஓடும்போது குழந்தைகளுக்கு உயிர்காப்பு அங்கி கழற்றவே கூடாது. அவர்கள் எடையைச் சொல்லி முன்கூட்டியே சரியான அளவைக் கேட்டு வாங்குங்கள். முன்னால் இரண்டு உடல்களுக்கும் நடுவில் கட்டிய வலையில் படுத்துக் கடலைப் பார்ப்பது சுகம்தான், அலை இருக்கும்போது மட்டும் வேண்டாம். என்ஜின் ஓடும்போது யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. ரேடியோவில் 16-ஆம் சேனலையும், கடல் மீட்புக்கு 195 என்ற எண்ணையும் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள்.

நீச்சல் தெரியாதே?

வரலாம். அங்கியைப் போட்டுக்கொண்டு பின்படியில் உட்கார்ந்து தண்ணீரில் கால் விடுவதிலேயே எங்கள் பெரியம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

வாந்தி, தலைசுற்றல் வருமா?

கேட்டமரான் சாயாவிட்டாலும் குறுக்கலையில் வெடுக்வெடுக்கென்று ஆடும், சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. மாத்திரையை வாந்தி வந்தபிறகு போட்டுப் பயனில்லை, கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு போட வேண்டும். அவோமின், ஸ்டுஜெரான் இரண்டும் நமக்குப் பழக்கமான பெயர்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெளியே, பின்பக்கம், தொடுவானத்தைப் பார்த்தபடி உட்காருவதே பாதி மருந்து. கீழறைக்குள் போய்ப் போன் பார்த்தால் யாருக்கும் வரும்.

சாப்பாடு? சைவம் கிடைக்குமா?

படகில் சமையலிடம், அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாம் உண்டு. இரண்டு வேளை படகில், ஒரு வேளை கரையில் என்பது எங்கள் வழக்கம். ஸ்பிளிட்டில் கொன்சூம், டோமி போன்ற சூப்பர்மார்க்கெட்டுகளில் அரிசி, பருப்பு, தயிர், காய்கறி கிடைக்கும். தீவுகளில் விலை கூடும், ஆகவே பெரிய சாமான்களைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

ஊரிலிருந்து கொண்டுபோவதில் கவனம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் பெட்டியில் கொண்டுபோகக் கூடாது. நெய்யும் அதில் அடக்கம். லண்டனிலிருந்து போகிறவர்களுக்கும் இதே விதி. பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவரச் சான்றிதழ் கேட்பார்கள், அதனால் அதுவும் வேண்டாம். ரசப்பொடி, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், உலர்ந்த கறிவேப்பிலைப் பொடி போதும். மூன்று லிட்டர் குக்கர் ஒன்று அவசியம், காஸும் தண்ணீரும் மிச்சமாகும். ஓடும்போது தாளிக்க வேண்டாம். நங்கூரம் போட்டபிறகு சமையுங்கள், முடிந்ததும் காஸ் வால்வை மூடுங்கள்.

கரை உணவகங்களில் சைவர்களுக்குச் சீமைக்கீரையும் உருளையும் சேர்ந்த பிளிட்வா, காய்கறி கிரில், ரிசொட்டோ இருக்கும். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு விலையைக் கிலோ கணக்கில் எழுதியிருப்பார்கள். சுடும் முன் எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

தண்ணீர், கரண்ட், கழிவறை எல்லாம் எப்படி?

தொட்டியில் 600 லிட்டர் இருந்தாலும் ஒன்பது பேர் வீட்டில் குளிப்பதுபோல் குளித்தால் இரண்டு நாள்கூட வராது. முதலில் கடலில் குளித்துவிட்டு, பின்படிக் குழாயில் உப்புப் போக ஒருமுறை அலசிக்கொண்டால் போதும். பாத்திரத்தையும் கடல் தண்ணீரில் ஒருமுறை கழுவிவிட்டு நல்ல தண்ணீரில் அலசலாம். ஏசி, துறைமுக மின்சாரத்திலோ ஜெனரேட்டரிலோதான் ஓடும். கழிவறையில் காகிதம் போடக் கூடாது. அடைத்துக்கொண்டால் வாரத்தின் நடுவில் அதைக் கழற்றிச் சரிசெய்ய ஆள் தேட வேண்டிவரும், செலவும் உங்களுடையது.

இரவில் படகை எங்கே நிறுத்துவது?

மூன்று வழி. மரீனாவில், அதாவது படகு நிறுத்துவதற்கென்றே கட்டிய துறையில், கட்டுவது ஒன்று. அகலம் அதிகம் என்பதால் கேட்டமரானுக்குக் கூடுதல் வாடகை கேட்பார்கள், பல நேரம் ஒன்றரை மடங்கு. கோடையில் பதிவு செய்யாமல் போனால் இடம் கிடைக்காது. இரண்டாவது, குடாக்களில் இருக்கும் மிதவை. மூன்றாவது, சொந்த நங்கூரம். சில குடாக்களில் உணவகம் தன் படித்துறையிலோ மிதவையிலோ கட்ட இடம் தரும், பதிலுக்கு இரவுச் சாப்பாடு அங்கே.

மரீனாவில் பின்பக்கத்தைக் கரைக்குக் காட்டிக் கட்டுவார்கள். முன்பக்கத்தை இழுத்துப்பிடிக்கத் தண்ணீருக்கடியில் கிடக்கும் ஒரு கயிற்றைத் தூக்கி உங்கள் கையில் கொடுப்பார்கள். பாசி படிந்து வழுக்கும் கயிறு அது. நடுநடுவே கத்திபோல் கூரான சிப்பி ஒட்டியிருக்கும். வெறுங்கையால் பிடித்து என் அண்ணன் மகனுக்கு உள்ளங்கை கிழிந்தது. இரண்டு ஜோடிக் கையுறை கொண்டுபோங்கள்.

நங்கூரம் போடும்போது வெளிர் நிறத் திட்டைத் தேடுங்கள், அது மணல். கருமையாகத் தெரிவது போசிடோனியா என்ற கடற்புல். மீன் குஞ்சுகளின் வீடு அது. நங்கூரம் அதைப் பிய்த்துவிட்டால் திரும்ப வளரப் பல பத்தாண்டுகள் ஆகும், பிடிப்பும் சரியாக இருக்காது. ஸ்பெயினின் பலேயரிக் தீவுகளில் அதன்மேல் நங்கூரம் போடுவதையே தடை செய்திருக்கிறார்கள். அரை மணி நேரம் கூடுதலாகத் தேடினாலும் பரவாயில்லை, மணலில் போடுங்கள்.

என்ன எடுத்துப்போவது?

மடக்கும் துணிப்பை. சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியை வைக்கப் படகில் இடம் கிடையாது. பாறைக் கரையில் கடல் முள்ளெலி நிறைய இருப்பதால் நீரில் போடும் செருப்பு. தலையில் கட்டும் டார்ச். சாயங்காலக் காற்றுக்கு ஒரு மெல்லிய ஜாக்கெட். படகுக்குள் செருப்பு கிடையாது, நமக்கு அது புதிதல்ல.

படகை வாங்கும்போதும் திருப்பித் தரும்போதும் எதைப் பார்க்க வேண்டும்?

வாங்கும் அன்று அவசரப்படாதீர்கள். ஒருவர் மளிகைக்குப் போகட்டும், இருவர் படகைப் பாருங்கள். இரண்டு உடல்களின் பக்கங்களையும், சுக்கானையும், ரப்பர் படகையும் வீடியோ எடுங்கள். இரண்டு என்ஜின்களையும் ஓடவிட்டுக் குளிர்நீர் வெளியே கொட்டுகிறதா பாருங்கள். நங்கூர மோட்டார், எல்லாக் கழிவறை, ஃபிரிட்ஜ், பாயை முழுக்க ஏற்றி இறக்குவது, ஒவ்வொன்றையும் உங்கள் கண்முன் செய்துகாட்டச் சொல்லுங்கள். எங்களிடம் ஒரு நிறுவனம் திரும்பும்போது ப்ரொபெல்லரில் கீறல் என்று 400 யூரோ பிடிக்கப் பார்த்தது. வாங்கிய அன்று தண்ணீருக்கடியில் மூழ்கி எடுத்த வீடியோவில் அதே கீறல் இருந்ததால் விட்டுவிட்டார்கள்.

ஓடும்போது அறைகளின் மேல்மூடிகளை மூடிவிட்டீர்களா என்று ஒருவர் பொறுப்பெடுத்துப் பாருங்கள். முதல் பயணத்தில் முன்னறை மூடி திறந்திருந்து, ஒரே அலையில் மெத்தை முழுக்க உப்புத்தண்ணீர். உப்புப் பட்டது காயாது, வாரம் முழுக்க அந்த அறைக்காரர்கள் ஈரத்தில் படுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் 6 மணிக்குள் படகு துறைக்கு வந்துவிட வேண்டும், டீசல் தொட்டி நிறைந்திருக்க வேண்டும். சனிக்கிழமை காலை 9 மணிக்குள் இறங்க வேண்டும். எல்லாப் படகும் ஒரே நாளில் திரும்புவதால் ஸ்பிளிட்டின் எரிபொருள் துறையில் வெள்ளி மதியம் வரிசை நிற்கும். கயிறு கட்ட இடமில்லாமல் காற்றில் வட்டமடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டிவரும். மஸ்லினிட்சாவிலிருந்து காலை 8 மணிக்கே புறப்படுங்கள். வழியில் ஷொல்தாவின் வடகரையில் ஏதாவது ஒரு குடாவில் கடைசியாக ஒருமுறை குதித்துவிட்டு, மதியத்துக்கு முன் டீசல் போட்டுவிட்டால் மிச்ச நேரமெல்லாம் துவைத்துக் காயப்போடவும், பையில் மிச்சமிருக்கும் காசைப் பிரித்துக்கொள்ளவும் கிடைக்கும்.